சாதிச் சான்றிதழ் கேட்ட மாத்திரை

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசப் போறேன். அதுக்குப் பேர் பைடில். 2005 ஜூன் 23ஆம் தேதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது. இதய நோய்க்கு மருந்துகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்த மாத்திரை யாருக்கு என்று எழுதிய இடத்தில் நோயின் பெயரோடு ஓர் இனத்தின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. இதயச் செயலிழப்பு உள்ள, தங்களைக் கறுப்பர் என்று அடையாளப்படுத்திக்கொள்ளும் நோயாளிகளுக்கு என்று. அமெரிக்காவில் ஓர் இனத்தின் பெயரால் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுதான்.

வாய், தோள், தொடை, கால் என்று உடம்பின் உறுப்புகளை வைத்தே மனிதர்களைப் பிரித்து எழுதிய நாட்டுக்காரர்கள் நாம். மற்றவர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். நம்மால் முடியாது.

முதலில் மருந்தைப் பார்த்துவிடுவோம். இதயச் செயலிழப்பு என்பது மாரடைப்பு அல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது மாரடைப்பு. இது மெதுவாக வருவது. உயர் அழுத்தத்துக்கு எதிராக வருடக்கணக்கில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடிக்கும், பிறகு தளரும், இறைக்க வேண்டியதை இறைக்க முடியாமல் போகும். கால் வீங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்துதான் தூங்க முடியும். ஊர்ல 'நீர் கோத்துக்கிச்சு'ன்னு சொல்வாங்க.

பைடிலுக்குள் இருப்பது இரண்டு மருந்துகள். ஒன்று ஹைட்ரலசின். தமனிகளைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும். 1950களிலிருந்து இரத்த அழுத்தத்துக்குப் புழக்கத்தில் உள்ளது. மற்றது ஐசோசார்பைடு டைநைட்ரேட். பேரு பயமுறுத்துது, ஆனா ஆளு தெரிஞ்ச ஆளுதான். நம்ம பெரியவங்க சட்டைப் பையில வச்சிருந்து, நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில போட்டுக்கிறாங்களே சார்பிட்ரேட், அதுக்குள்ள இருக்கறது இதுதான். ஆக இரண்டுமே பழைய சரக்கு, மலிவான சரக்கு. இரண்டையும் ஒரே மாத்திரையாக அடைத்ததுதான் புதுசு.

1980களில் ஜே கோன் என்ற மின்னசோட்டா இதயநோய் மருத்துவர் தலைமையில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இந்த இரட்டை மருந்தைச் சோதித்தார்கள். 642 ஆண்கள். வெள்ளையரும் கறுப்பரும் கலந்திருந்தார்கள். பயன் இருக்கிறது என்று 1986இல் முடிவு வந்தது. 1991இல் வெளிவந்த அடுத்த சோதனையில் எனலாப்ரில் இதைவிட நன்றாக வேலை செய்தது. கோன் வாங்கிய முதல் காப்புரிமையில் இனம் என்ற பேச்சே கிடையாது. 1997இல் ஒப்புதல் கேட்டுப் போனபோது, புள்ளிவிவரம் போதாது என்று நிர்வாகம் மறுத்துவிட்டது.

கதை திரும்புகிற இடம் இது. பழைய கணக்கையே மறுபடி பிரித்துப் பார்த்தார்கள், இந்தத் தடவை நிறத்தை வைத்து. முதல் சோதனையில் இந்த இரட்டை மருந்தைச் சாப்பிட்ட கறுப்பர்கள் 49 பேர். நாற்பத்தொன்பதே பேர். அவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது என்று 1999இல் கட்டுரை வெளியானது. நைட்ரோமெட் என்ற நிறுவனம் மருந்தின் உரிமையை வாங்கியது. இதே மருந்தைக் கறுப்பின நோயாளிகளுக்குக் கொடுக்கும் முறைக்கென்று புதிதாக ஒரு காப்புரிமை பெறப்பட்டது. பழைய காப்புரிமை 2007இல் முடிவது. புதியது 2020 வரை. 13 வருடம் கூடுதல். முடியப்போகிற ஒரு கணக்கை வேறு பெயரில் புதுப்பித்துக்கொள்வது எப்படி என்று வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து அதேதான். சேர்ந்தது நிறம் ஒன்றுதான்.

2001இல் கறுப்பர்களை மட்டும் வைத்து ஒரு சோதனை தொடங்கினார்கள். 1050 பேர். எல்லோருக்கும் வழக்கமான இதய மருந்துகள் உண்டு. அதன் மேல் ஒரு பாதிப் பேருக்கு பைடில், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. 2004 ஜூலையில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து கெடுதல் செய்ததால் அல்ல. வெற்று மாத்திரைப் பக்கத்தில் 10.2 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைடில் பக்கத்தில் 6.2 சதவீதம். இதற்கு மேல் மருந்தைக் கொடுக்காமல் வைத்திருப்பது அநியாயம் என்று நிறுத்தினார்கள்.

இதை நாம் மறைக்கக் கூடாது. மருந்துக் கம்பெனியின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நம்ம கூட்டத்துல கைதட்டும் கிடைக்கும். ஆனால் நூறு பேரில் நான்கு பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்கள் கறுப்பின மக்கள். கறுப்பின இதயநோய் மருத்துவர்களின் சங்கமே இந்தச் சோதனைக்குத் துணை நின்றது. ஏன் நிற்காது? டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, நாற்பது வருடம், சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்த்த அரசு அது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட வரலாற்றுக்குப் பிறகு, தங்கள் மக்களை நடுவில் வைத்து, சாவைக் குறைப்பதற்காக ஒரு பெரிய சோதனை வருகிறதென்றால் அந்த மருத்துவர்கள் வரவேற்கத்தான் செய்வார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்து வேலை செய்தது, சரி. வெள்ளையருக்கு வேலை செய்யாது என்று யார் சோதித்தார்கள்? யாரும் சோதிக்கவில்லை. ஒரு தெருவுக்கு மட்டும் குழம்பு ஊற்றிவிட்டு, இந்தக் குழம்பு அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் ருசிக்கும் என்று எழுதிவைத்த மாதிரிதான் இது. ஜோனதன் கான் என்ற சட்டப் பேராசிரியர் (அவர் கோன், இவர் கான், குழப்பிக்காதீங்க) இந்த விவகாரத்தைத் துருவித் துருவி எழுதி 2013இல் நூலாகவே கொண்டுவந்தார். டோரத்தி ராபர்ட்ஸ் என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் 2011இல் வெளியிட்ட தன் நூலிலும் இதை எடுத்து அலசினார். இருவரும் வேறுவேறு வழியில் வந்து சேர்கிற இடம் ஒன்றுதான். சமூகம் செய்த காயத்தை மரபணுவின் கணக்கில் எழுதுவதற்குச் சந்தை வழி காட்டிக் கொடுத்தது.

விலையையும் சொல்லிடறேன். விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1.80 டாலர். நாளைக்கு ஆறு வரை போட வேண்டியிருக்கும். அப்போ 10.80 டாலர். இரண்டு மருந்தையும் தனித்தனியாகப் பொதுப்பெயரில் வாங்கினால் இதில் சிறு பங்குதான் ஆகும். காப்பீடு இல்லாத ஒரு கறுப்பினத் தொழிலாளி எந்தப் பணத்தில் வாங்குவார்? விற்பனை படுத்தது. 2008 ஜனவரியில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. சந்தை போனது, கருத்து போகவில்லை. கறுப்பின இரத்தம் வேறு மாதிரியானது என்ற கருத்தைச் சொல்கிறேன்.

கறுப்பின அமெரிக்கர்களிடம் உயர் இரத்த அழுத்தம் அதிகம் என்பது பொய்யில்லை. ஏன் அதிகம் என்பதில்தான் அரசியல். அதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. அடிமைக் கப்பலில் தாகத்திலும் வயிற்றுப்போக்கிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தபோது, உடம்பில் உப்பைத் தேக்கிவைத்துக்கொள்ளும் தன்மை உள்ளவர்களே பிழைத்தார்கள், அந்தத் தன்மைதான் வாரிசுகளுக்கு இரத்த அழுத்தமாக வந்தது என்று. அடிமை வணிகத்தின் வரலாற்றை எழுதிய பிலிப் கர்டின், இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று 1992இல் எழுதினார். இருந்தாலும் கேட்க உருக்கமாக இருப்பதால் இன்னும் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

ரிச்சர்ட் கூப்பர் என்ற சிகாகோ ஆய்வாளர் உருக்கத்தில் இறங்காமல் நேராக அளக்கப் போனார். மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள மேவுட். மூன்று இடத்திலும் ஒரே மூதாதையர் வழி வந்த மக்கள். 1997இல் வெளியான கணக்கு: ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் அழுத்தம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. இரத்தம் ஒன்று, ஊர்தான் வேறு. 2005இல் வெள்ளையர் நாடுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நைஜீரியாவில் 14 சதவீதம், அமெரிக்கக் கறுப்பர்களிடம் 44 சதவீதம், ஜெர்மனியில் 55 சதவீதம்! ஜெர்மானியருக்கு மட்டும் என்று யாராவது மாத்திரை போட்டார்களா? ஜெர்மானிய இரத்தத்தில் ஏதோ கோளாறு என்று யாராவது கருத்தரங்கம் நடத்தினார்களா?

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்காமல் போக முடியாது. 1936இல், பேச விடாமல் தடுக்கப்பட்டதால் அச்சில் மட்டும் வந்த அந்த உரையில் ('சாதியை அழித்தொழித்தல்' நூலைத்தான் சொல்றேன்), சாதி என்பது இனப் பிரிவு என்ற வாதத்தை எடுத்து உடைக்கிறார். பஞ்சாபிப் பார்ப்பனரும் பஞ்சாபி சாமரும் ஒரே இன வழி, சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் சென்னை மாகாணத்துப் பறையரும் ஒரே இன வழி, ஆக சாதி இரத்தத்தைப் பிரிக்கவில்லை என்பது அவர் வாதம். 1948இல் தீண்டப்படாதோர் பற்றிய நூலில் மூக்களவுக் கணக்குகளையே எடுத்து வைத்து மறுபடி இதை நிறுவுகிறார். வெள்ளைக்காரன் மூக்கை அளந்து சாதியை நிரூபிக்கப் பார்த்தான். அதே மூக்கை வைத்து அவர் அதைக் கவிழ்த்தார்.

'அப்ப நீங்க மட்டும் சாதிச் சான்றிதழ் வாங்கலாமா?' இந்தக் கேள்வி வரும்னு தெரியும். எங்கள் கிளைக்குத் தாட்கோ கடனுக்கான விண்ணப்பங்கள் வரும்போது சாதிச் சான்றிதழ் நகல் இணைத்திருக்கிறதா என்று பார்க்கிற ஆளே நான்தான். அந்தத் தாளில் எழுதியிருப்பது ஒருவரின் இரத்த வகை அல்ல. இன்ன தெருவில் பிறந்ததால் இவருக்கு நிலம் மறுக்கப்பட்டது, பள்ளி மறுக்கப்பட்டது, கடன் மறுக்கப்பட்டது என்பதற்கான அத்தாட்சி அது. கறுப்பின மக்களுக்கு எங்கே மருத்துவமனை இல்லை, யார் சீக்கிரம் சாகிறார்கள் என்று கணக்கெடுக்க இனம் என்கிற பத்தி வேண்டும். அதை எடுத்துவிட்டால் அநியாயமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பத்தியைத் தூக்கி மருந்துச் சீட்டில் வைக்கிறபோது, செய்த குற்றம் பட்டவரின் உடம்புக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது.

எனக்கும் பி.பி. இருக்கு. வங்கியில் நடந்த உடல் பரிசோதனையில் 150க்கு 100 என்று வந்தது. அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. எழுதிக் கொடுத்த மருத்துவர் நல்ல மனிதர். "பரம்பரையில இருக்கா?" என்று கேட்டார். என்ன சொல்வது? என் அப்பாவைப் பெற்ற தாத்தா ஐம்பது வயசு முடியாமலேயே வரப்பில் விழுந்து செத்தவர். அழுத்தம் இருந்ததா இல்லையா என்று அளந்தது யார்? பி.பி. பார்க்கிற பட்டையைச் சுற்ற வேண்டுமானால் ஒருவர் அவர் கையைத் தொட வேண்டும். 'தெரியலைங்க டாக்டர்' என்றேன். 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

வட கரோலினாவில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் 1970களின் கடைசியில் ஒரு விவசாயியைச் சந்தித்தார். பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். குத்தகைக் கொடுமையில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு நின்று, எழுத்துக்கூட்டித் தானே படிக்கக் கற்றவர். 75 ஏக்கர் வாங்கினார். 40 வருடத்தில் அடைக்க வேண்டிய கடனை 5 வருடத்தில் அடைத்தார். எங்க வங்கியில இப்படி ஒரு ஆள் வந்தா எழுந்து நின்னு கும்பிடுவோம். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு இரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றில் 40 சதவீதத்தை எடுக்கிற அளவுக்குக் குடல்புண். நீராவி இயந்திரத்தோடு போட்டிபோட்டு ஜெயித்து, சம்மட்டியைப் பிடித்த கையோடு விழுந்து செத்த ஜான் ஹென்றி என்ற ரயில்பாதைத் தொழிலாளியைப் பற்றிக் கறுப்பின மக்களிடம் ஒரு கதை உண்டு. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து ஜேம்ஸ் தன் கருதுகோளுக்கு 'ஜான் ஹென்றியிசம்' என்று பெயர் வைத்தார். கையில் வசதி எதுவும் இல்லாமல், உடம்பையே முதலாகப் போட்டு ஓயாமல் முண்டி மேலே வருகிறவர்களை இரத்த அழுத்தம் பிடித்துக்கொள்கிறது என்பது அது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைய பேர் இங்க உட்கார்ந்திருக்கீங்க. இதைக் கேட்டுக்கங்க.

அடுத்த கணக்கைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். 2009இல் கிர்ஸ்டன் பிபின்ஸ்-டொமிங்கோ என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் வெளியிட்டது. இளவயதுக்காரர்கள் 5115 பேரை, கறுப்பரும் வெள்ளையருமாக, இருபது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அதில் ஐம்பது வயதுக்கு முன்பே இதயச் செயலிழப்பு வந்தவர்கள் 27 பேர். அந்த 27 பேரில் 26 பேர் கறுப்பர்கள். அவர்களில் பலருக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலுமே உயர் அழுத்தம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் அது கவனிக்கப்படவில்லை, கட்டுப்படவில்லை.

அதாவது பைடில் என்ற மாத்திரை வந்து நிற்கிற இடம் நோயின் கடைசிப் படி. முதல் படியில், இருபத்தைந்து வயதில், அழுத்தத்தை அளந்து ஒரு நீர் மாத்திரையோ ஒரு அம்லோடிபினோ கொடுத்திருந்தால் அந்த 26 பேரில் எத்தனை பேருடைய இதயம் தளராமல் இருந்திருக்கும்? அந்த மருந்துகளுக்கு இனமும் வேண்டாம், காப்புரிமையும் கிடையாது. லாபமும் கிடையாது. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை.

ஒரு எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். எனலாப்ரில் வகை மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கறுப்பின நோயாளிகளிடம் சராசரியாக அழுத்தம் குறைவது குறைவு என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. 2014இல் வந்த அமெரிக்க வழிகாட்டுநெறி அதை வைத்து முதல் மாத்திரையையே இனத்தைப் பார்த்துத் தேர்வு செய்யச் சொன்னது. சராசரியில் வேறுபாடு இருக்கட்டும். மருத்துவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள். ஒரு மாதம் மாத்திரை கொடுத்து மறுபடி அளந்து பார்த்தால் அந்த ஆளுக்குக் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நிறத்தைப் பார்த்து ஊகிக்கிற வேலை எதற்கு?

மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் போகணும். ரொனால்டு விக்டர் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது, 2018இல் வெளிவந்தது. கறுப்பின ஆண்களின் முடிதிருத்தகங்கள் 52. வாடிக்கையாளர்கள் 319 பேர். எல்லோருக்கும் மேல் அழுத்தம் சராசரி 150க்கு மேல். ஒரு பகுதிக் கடைகளுக்கு மருந்தாளுநர்களே வந்தார்கள். முடி வெட்டிக்கொள்கிற இடத்திலேயே அளந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்தும் எழுதினார்கள். மற்றக் கடைகளில் முடிதிருத்துநர் 'டாக்டரைப் போய்ப் பாருங்க' என்று சொல்வதோடு சரி. ஆறு மாதத்தில் மருந்தாளுநர் வந்த கடைகளில் சராசரி 27 புள்ளி இறங்கியது. மற்றக் கடைகளில் 9 புள்ளி. கொடுத்ததெல்லாம் சாதாரண மருந்துகள். அம்லோடிபின், இர்பெசார்ட்டன், தேவைப்பட்டால் இண்டபமைடு. என் மேசை டிராயரில் இருக்கிற அதே அம்லோடிபின்.

டஸ்கிகீக்குப் பிறகு ஆஸ்பத்திரியை நம்பாத மனிதர்கள், வருடக்கணக்காகத் தங்கள் தலையைக் கொடுத்துவந்த ஒரு ஆளின் கடையில் கையை நீட்டியிருக்கிறார்கள். முடிதிருத்தும் சமூகத்துக்குத் தமிழில் மருத்துவர் என்றே ஒரு பெயர் இருப்பதை நினைத்துக்கொண்டேன். கூடவே, நம்மை முடிதிருத்தகத்துக்குள் விடாத ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருப்பதையும்.

இந்த வேலை கறுப்பின இயக்கத்துக்குப் புதிதும் அல்ல. கறுஞ்சிறுத்தைகள் என்றதும் துப்பாக்கியும் தோல் சட்டையும்தான் நம்ம சுவரொட்டிகளில் வருது. அவர்கள் 1970களின் தொடக்கத்தில் பல நகரங்களில் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தியவர்கள். 1971இல் அரிவாள்செல் சோகையைக் கண்டறிய வீடுவீடாகப் போனவர்கள். 1972இல் திருத்திய தங்கள் பத்து அம்சத் திட்டத்தில் இலவச மருத்துவத்தைக் கோரிக்கையாகவே வைத்தார்கள். அதே 1972இல்தான் பம்பாயில் அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் பி.பி. கருவியை எடுத்துக்கொள்ளவில்லை.

எடுக்கலாம், இப்போதே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நல்ல திட்டம். என் அம்மாவுக்கு வருது. விடுமுறையில் ஊருக்குப் போகிற மாணவத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்க. ஊர்த் தெருவுக்கு மாத்திரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருது, காலனிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எந்த மாசம் விட்டுப்போச்சு, அளக்கிறப்போ கையைத் தொட்டு அளக்கிறாங்களா, வாசல்லயே நின்னு மாத்திரைய நீட்டிட்டுப் போயிடறாங்களா. தேதி போட்டு எழுதுங்க. முப்பது வயசு தாண்டிய ஆம்பளைகளை விடாம அளக்கச் சொல்லுங்க, அவங்கதான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவங்க. இங்க உட்கார்ந்திருக்கிறவங்களும் அளந்துக்கங்க. அப்புறம் ஒண்ணு, இந்தப் பேச்சைக் கேட்டுட்டு வீட்ல யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க. நல்லா இருக்கேன்னு நிறுத்தினவங்கதான் ஆறு மாசம் கழிச்சு வாய் கோணி வர்றாங்க.

கருவி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன், பின்னால மேசையில இருக்கு. அடுத்துப் பேச வேண்டிய தோழர் ரொம்ப நேரமா காத்திருக்கார்.